கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு கதாசிரியர்: செட்டிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவகோட்டையில் இருந்துகொண்டு கிறிஸ்தவக் குடும்பக் கதைகள் எழுதுகிறேன். பதிப்பகம் எதையும் சாராமல் நானே அச்சிட்டு நானே விற்கிறேன். ஐப்பசி பிறந்தால் போதும், வாசகர்களும் புதிதாக எழுத வருகிறவர்களும் கிறிஸ்துமஸ் கதைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் அதிகம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே கொடுத்திருக்கிறேன்.

கிறிஸ்தவக் கதை என்றால் பிரசங்கத்தைக் கதையாக எழுதுவதுதானே?

இல்லை. பிரசங்கம் வைக்க நல்ல சாமியார்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதரை ஓர் இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அந்த இடத்தில் அவருடைய விசுவாசம் அவருக்கு என்ன செய்கிறது என்று கூடவே நின்று பார்க்கிறேன். சில கதைகளில் அது அவரைத் தூக்கி நிறுத்தும். சில கதைகளில் ஒன்றுமே செய்யாதது போலத்தான் தெரியும்; அவர் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். இரண்டுமே விசுவாசிகள் வாழ்க்கையில் நடப்பதுதான்.

சபைகள் இலவசமாகக் கொடுக்கும் கைப்பிரதியும், தம் வாழ்வில் கடவுள் செய்ததை ஒருவர் சொல்லும் சாட்சியும் அவற்றுக்குரிய இடத்தில் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் கைப்பிரதிக்கு முடிவு முன்பே தெரியும். கதை எழுதுகிறவருக்கு முடிவு தெரியாத ஒரு கட்டம் வந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் படிக்கிறவர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தமிழுக்கு இது புதியதும் இல்லை. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அந்த நாவலின் நாயகன் கிறிஸ்தவனே இல்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு வீரமாமுனிவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தமிழ் மரபில் காப்பியமே பாடினார். மத விஷயமா, இலக்கியமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறவர்களுக்கு இந்த இருவரையும்தான் காட்டுவேன்.

கிறிஸ்துமஸ் கதையை எந்த மாதத்தில் எழுதுகிறீர்கள்?

சித்திரை, வைகாசியில். வெளியே செம்மண் புழுதி பறக்கும்போது மார்கழிக் குளிரை எழுதுவது முதலில் கஷ்டமாக இருக்கும். அதற்காக ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு நோட்டில் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி வைத்துக்கொள்கிறேன். நள்ளிரவுப் பூசை முடிந்து திரும்பும்போது எந்த டீக்கடை திறந்திருந்தது, கேரல் பாடி வந்த பையன்கள் எந்தப் பாட்டில் சுருதி விட்டார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் எங்கே கிடைத்தது என்பது போல. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டு ஒரு வரிக்கு ஒரு காட்சி கொடுக்கும்.

ஆடிக்குள் முதல் எழுத்து முடிந்துவிட வேண்டும். ஆவணியில் இரண்டு பேர் படித்துக் குறை சொல்ல வேண்டும், ஒருவர் கிறிஸ்தவராகவும் இன்னொருவர் அப்படி இல்லாதவராகவும் இருப்பது நல்லது. புரட்டாசியில் மெய்ப்புத் திருத்தமும் அட்டையும். இதற்கு மேல் தள்ளினால் அச்சகத்தில் இடம் கிடைக்காது. சிவகாசிப் பக்கம் அந்த மாதங்களில் தினசரி காலண்டரும் டைரியும்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சின்ன நாவலுக்காக அந்த மெஷினை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

செட்டிநாட்டில் கிறிஸ்தவக் கதைக்கு என்ன இருக்கிறது? வேளாங்கண்ணி, நாகர்கோவில் என்றால் புரியும்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் பேச ஆசையாக இருக்கும்.

லூக்கா நற்செய்தியில் மரியாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடமில்லை. செட்டிநாட்டார் அளவுக்குச் சத்திரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யார்? காசியிலிருந்து ராமேசுவரம் வரை, யாத்திரை போகிறவன் தெருவில் படுக்கக் கூடாது என்று நகர விடுதி கட்டி வைத்த ஊர் இது. அதே ஊரில்தான், பர்மாத் தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையுமாக, தெருவுக்குத் தெரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே போனாலும் பார்க்கலாம். பர்மா வியாபாரம் போனது, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். வாட்ச்மேன் ஒருவர் மட்டும் சாவிக்கொத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அந்த வாட்ச்மேனிடம் மார்கழி மழையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? வீடு அவருடையது இல்லை. சாவி அவர் கையில் இருக்கிறது. திறந்தால் வேலை போகலாம். இந்தக் கதையை ஜெருசலேமையோ இங்கிலாந்தையோ பார்க்காமலேயே எழுதலாம். இந்தத் தெருவில் இருந்தால் போதும்.

சரித்திரமும் பக்கத்திலேயே இருக்கிறது. லிஸ்பனில் பிறந்து பண்டாரசாமியாகக் காவி உடுத்தி இந்தச் சீமையில் நடந்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டப்பட்டார். 1947-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவரைப் பற்றி எழுத நினைக்கிற இளைஞர்கள் எல்லோரும் வாள் ஓங்கிய காட்சியில்தான் தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்தைக் காட்டுவேன். மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டபோது விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவர் போய் முறையிட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள். அவரைக் கெட்டவராக்காமல் எழுத முடிந்தால் நீங்கள் கதாசிரியர்.

இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த பிரெஞ்சு பாணிக் கோயில், சருகணியின் பழைய பங்குக்கோயில், மழைக்காலத்தில் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பூசைக்கு வருகிற கிராமங்கள் எல்லாமே கதைக்கு இடங்கள். ஒரு நாள் ஒதுக்கி பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். காரில் போனால் கேட்க வேண்டிய பேச்சு காதில் விழாது.

அக்கம்பக்கம் எல்லாம் நகரத்தார் வீடுகள். அவர்கள் வழிபாட்டை உங்கள் கதையில் எப்படி எழுதுகிறீர்கள்?

மரியாதையாக எழுதுகிறேன். அதைவிட முக்கியம், சரியாக எழுதப் பார்க்கிறேன்.

கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. சில வருஷம் அது கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். புது வேட்டியிலிருந்து 21 நூல் எடுத்துத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுப்பது என்பார்கள். எங்கே இருந்தாலும், மலேசியாவில் இருந்தாலும், வீட்டார் கூடி இதைச் செய்வார்கள். எங்கள் வீட்டில் ஸ்டார் தொங்கும் அதே வாரம் எதிர்வீட்டில் இழை எடுப்பார்கள். இதை விட்டுவிட்டு ஒரு செட்டிநாட்டுக் கிறிஸ்துமஸ் கதையை எழுதினால் அது பாதித் தெருவை அழித்துவிட்டு எழுதியது.

ஒரு கதையில் இந்த நோன்பைச் சேர்த்தபோது, அச்சுக்கு அனுப்பும் முன் அந்த அத்தியாயத்தை எதிர்வீட்டு ஆச்சியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “எல்லாஞ் சரியா இருக்கு. உன் கதையில அந்தப் பொண்ணு மாசமா இருக்காள்ல? அவளுக்கு ரெண்டு இழை குடுக்கணும்மா. ஒண்ணு வயித்துப் பிள்ளைக்கு” என்றார். அப்படியே எழுதினேன். விளக்கம் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் முழுக்க ஒரு கர்ப்பிணித் தாயை நினைத்துக் காத்திருக்கிற கத்தோலிக்க வாசகருக்கு அந்த இரண்டாவது இழை தானாகவே புரிந்தது. கடிதம் எழுதியவர்களில் அதிகம் பேர் அந்தப் பக்கத்தைத்தான் குறிப்பிட்டார்கள்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கதாநாயகியின் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டை இருட்டாக்காதீர்கள். பிற சமயத்தவரைப் பொல்லாதவராகவோ, கடைசி அத்தியாயத்தில் மனம் மாறக் காத்திருக்கிறவராகவோ மட்டும் காட்டும் கதைகளை நான் படித்து முடிப்பதில்லை. மனமாற்றம் கதையில் வரக் கூடாது என்று சொல்லவில்லை. வந்தால் அதற்கு அந்த மனிதர் கொடுக்கிற விலையும், அவர் வீட்டார் படுகிற வேதனையும் சேர்ந்து வர வேண்டும்.

கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் உங்கள் புத்தகத்தையும் வைத்துக் கொடுப்பீர்களா?

கேட்டவர்களுக்கு மட்டும். தட்டில் முறுக்கு, அதிரசம், மனகோலம், ஒரு துண்டு கேக் இருக்கும். தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்ததற்கு நாம் திருப்பிக் கொடுப்பது அது. அதில் கேட்காமல் ஒரு புத்தகத்தை வைத்தால், வாங்குகிறவருக்குச் சங்கடம். “இதுக்குத்தான் குடுத்தாங்களா” என்ற எண்ணம் ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த வருஷம் முறுக்கும் ருசிக்காது.

ஆனால் தெருவில் படிக்கிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். “இந்த வருசம் கதை வந்துருச்சா?” என்று அவர்களே கேட்பார்கள். அவர்களுக்குத் தட்டோடு சேர்க்காமல் தனியாக, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

நாவலுக்கு ஆயரின் அனுமதி வேண்டுமா?

வேண்டாம். விவிலியப் பதிப்பு, மறைக்கல்வி நூல், செபப் புத்தகம் போன்றவற்றுக்குத்தான் திருச்சபையின் ஒப்புதல் தேவை. கதைக்குத் தேவையில்லை. என்றாலும் பூசைச் சடங்கோ பாவசங்கீர்த்தனமோ கதையில் வந்தால், தெரிந்த சாமியார் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒப்புரவு அருளடையாளத்தில், கேட்டதை ஒரு குரு வெளியே சொல்வதாக எழுதிவிட்டால், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கத்தோலிக்க வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

வேத வசனம், கீர்த்தனை, கேரல் பாட்டு ஆகியவற்றைச் சேர்க்கலாமா?

ஒன்றிரண்டு வசனங்கள் என்றால் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட்டுச் சேர்க்கலாம். பக்கம் பக்கமாக வேண்டுமானால் வெளியீட்டாளருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். பாட்டுக்கு இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிய வேண்டும். 1864-இல் காலமான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு அந்தத் தடையே இல்லை. கேசட் காலத்துக் கேரல் பாட்டுகளுக்கு உண்டு. “எல்லாக் கோயிலிலும் பாடுகிறார்களே” என்பது பதிலாகாது.

எத்தனை பிரதி அடிக்கிறீர்கள்? எந்த மாதிரி அச்சு?

முதலில் டிஜிட்டல் அச்சில் கொஞ்சம். 300-க்குக் கீழே டிஜிட்டல்தான் கட்டும். 500-ஐத் தாண்டினால் ஆஃப்செட் பற்றி யோசிக்கலாம். டெம்மி அளவு, உள்ளே 70 ஜி.எஸ்.எம். கனத்தில் நேச்சுரல் ஷேட் என்கிற இளமஞ்சள் தாள், அட்டை 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங். ஆஃப்செட்டுக்குப் போனால் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு 128, 144 என்று பக்கத்தை முடிப்பது நல்லது. மிஞ்சுகிற பக்கங்களில் வெற்றுத்தாள் விடாமல், படிக்கிறவர் பெயர் எழுத ஓர் இடமும் ஒரு சின்னச் செபமும் வைக்கலாம்.

எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் டைப் அடித்த கதை அச்சில் சரியாக வந்தாலும், பின்னால் மின்னூலாக்கும்போது உங்களை அழவைக்கும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பைண்டிங்கிலிருந்து வந்த அன்றே கட்டிப் போடாதீர்கள். ஈரம் கோத்து அட்டை சுருண்டுகொள்ளும். இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டுக் கட்டுங்கள்.

ஐ.எஸ்.பி.என். வாங்கக் காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் அந்த எண் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள அரசு முகமை இணையத்திலேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. தனி எழுத்தாளரும் கேட்கலாம். உடனே வராது, அதனால் ஆவணியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் அந்தச் சட்டம் குறிக்கும் மற்ற பொது நூலகங்களுக்கும் வெளியிடுபவர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். நாமே வெளியிட்டால் அந்தக் கடமை நம்முடையது. நம் கதை கன்னிமாராவில் ஓர் அலமாரியில் இருக்கும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மின்னூல் போதாதா? அச்சு எதற்கு?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்னூல்தான். 2016 முதல் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் தமிழ் இருக்கிறது, மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் வாரத்தில் அதில்தான் படிக்கிறார்கள். அமேசானின் பிரத்தியேகத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்க முடியாது. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி வேண்டுமானால் அதில் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். 90 நாளில் 5 நாள் இலவசமாகவும் கொடுக்கலாம். நான் அந்த 5 நாளை கிறிஸ்துமஸுக்கு முன்னால் வைப்பதில்லை. 26-ஆம் தேதிக்குப் பிறகு, விருந்தாளிகள் போய் வீடு அடங்கின நேரத்தில்தான் ஜனங்கள் படிக்க உட்காருகிறார்கள்.

அச்சு, கோயில் வாசலில் வாங்குகிற அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும். அவர்கள் இல்லாமல் எனக்கு வாசகர் கூட்டமே இல்லை.

தபாலில் கிறிஸ்துமஸுக்கு முன் வந்து சேருமா?

டிசம்பர் முதல் வாரத்துக்குள் கேட்டால் சேரும். பல வருஷம் எங்களுக்குக் கை கொடுத்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். அதுவும் பண்டிகை நேரத்தில். சின்னப் பதிப்பாளர்கள் எல்லோரும் திண்டாடினார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கானது இது. தரைவழியாக மட்டும் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், விளம்பரத்துக்கான அச்சுப் பொருளாக இருக்கக் கூடாது. 20-ஆம் தேதிக்குப் பிறகு அவசரமாகக் கேட்பவர்களுக்கு ஸ்பீடு போஸ்ட்தான், செலவு கூட ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. காரைக்குடியிலிருந்து தினமும் பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது. அதில் போகிற தெரிந்தவர் கையில் ஒரு கட்டு கொடுத்தனுப்பினால் அன்றைக்கே எழும்பூரில்.

கோயில் வாசலில் விற்க என்ன செய்ய வேண்டும்?

பங்குச்சாமியிடம் அனுமதி கேளுங்கள், முடிந்தால் திருவருகைக் காலம் தொடங்கும் முன்பே. சாமியாருக்கு அந்த நான்கு வாரமும் குடில், கேரல், ஒப்புரவு, ஏழைகளுக்குத் துணி என்று மூச்சு விட நேரமிருக்காது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் ஒருவர் படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்வது, மேஜை போட்டு உட்காருவதைவிட நன்றாக வேலை செய்யும். சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்ட் சபைகள் என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரைப் பாருங்கள்.

பூசை நடந்துகொண்டிருக்கும்போது மேஜையில் உட்கார்ந்து சில்லறை எண்ணாதீர்கள். உள்ளே போய் பூசை காணுங்கள். முடிந்து வெளியே வந்து விற்றால் போதும்.

விலையைப் பற்றி: புத்தகக் கடைகள் 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்கும். அதைக் கழித்தும் அச்சுச் செலவும் தபாலும் தேறும்படி விலை வையுங்கள். கோயில் வாசலில் அதே புத்தகத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவீர்களா?

டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதலிலோ தொடங்கிவிடுவதால் எங்கள் பண்டிகையோடு மோதும். தனியாக அரங்கு எடுக்க எனக்குக் கட்டாது. தெரிந்த பதிப்பாளர் அரங்கில் சில பிரதிகள் வைப்பேன், பொங்கலுக்கு முன் ஒரு நாள் போய்வருவேன். அங்கே கிறிஸ்துமஸ் கதை என்று சொல்வதில்லை, செட்டிநாட்டுக் கதை என்றுதான் சொல்வேன். இரண்டும் உண்மை.

அட்டையில் பனி, பைன் மரம் எல்லாம் இல்லையே, ஏன்?

தேவகோட்டையில் பனி கொட்டுவதில்லை. திண்ணைத் தூணில் தொங்கும் காகித நட்சத்திரமும் ஆத்தங்குடித் தரையில் அதன் நிறமும் போதும். பெரிய வீடுகளைப் படம் எடுத்து அட்டையில் போடுவதானால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாட்ச்மேனிடம் கேட்டால் போதாது.

டிசம்பரில் எழுத்து, வீடு, வழிபாடு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எழுத்தை நிறுத்திவிடுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை, வேறு வழி வேண்டும் என்றும் தோன்றவில்லை. தனியாக வெளியிடுகிறவருக்கு டிசம்பர்தான் கடைதெருவில் நிற்கிற மாதம். பார்சல் கட்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும், வாசகர் போன் பண்ணினால் பேச வேண்டும். அந்தப் பரபரப்பிலேயே கிறிஸ்துமஸ் கடந்துபோய்விடும். கிறிஸ்து பிறப்பைப் பற்றி நூறு பக்கம் எழுதியவர், பிறப்புப் பூசைக்கு உள்ளம் வராமல் நிற்பதைப் போல ஒரு வறட்சி வேறு இல்லை. என் சக எழுத்தாளர்கள் பலர் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள்.

அதனால் வீட்டில் ஒரு ஒழுங்கு. குடிலுக்குப் புல் வேண்டுமென்று தட்டில் கேழ்வரகு தூவுகிற நாளிலிருந்து, மாலை ஆறு மணிக்கு மேல் புத்தக வேலை கிடையாது. பார்சல் காலையில் மட்டும். 23-ஆம் தேதிக்குப் பிறகு எந்த ஆர்டரும் எடுப்பதில்லை. பலகாரம் சுடும்போது அடுப்படியில் இருக்க வேண்டும், பிள்ளைகள் ஸ்டார் கட்டும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும். இதனால் விற்பனை குறையத்தான் செய்கிறது. குறையட்டும். திருவருகைக் காலம் காத்திருக்கச் சொல்கிறது, வாசகரும் ஜனவரி வரை காத்திருப்பார். ஜனவரியில் வரும் திருக்காட்சி விழாவும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவும் முடியும் வரை வழிபாட்டில் கிறிஸ்துமஸ் காலம்தானே.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் துக்கம். ஸ்டார் கட்டவில்லை, பலகாரமும் சுடவில்லை. எங்களுக்குப் படிக்க ஏதாவது இருக்கிறதா?

இதைக் கேட்டு வருகிற கடிதங்களுக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன்.

வீட்டில் ஒருவர் போன முதல் கிறிஸ்துமஸை எப்படிக் கடப்பது என்று கோயிலில் யாரும் சொல்லித் தருவதில்லை. தெருவெல்லாம் விளக்கு. கேரல்காரர்கள் உங்கள் வீட்டைத் தாண்டும்போது மேளத்தை அடக்கிக்கொண்டு போவார்கள், அது இன்னும் வலிக்கும். நள்ளிரவுப் பூசைக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டிலேயே இரண்டு பேச்சு இருக்கும். பக்கத்து வீட்டார் பலகாரம் கொண்டுவரத் தயங்குவார்கள்.

அந்த வீட்டுக்காக எழுதப்பட்ட கதைகள் நம்மிடம் மிகக் குறைவு. நான் எழுதியவற்றில் அப்படி ஒன்று இருக்கிறது. அதில் அற்புதம் எதுவும் நடக்காது, இறந்தவர் கனவில் வந்து ஆறுதல் சொல்லவும் மாட்டார். புருஷனை இழந்த ஒரு பெண், வழக்கமாக அவர் கட்டும் குடிலை இந்த வருஷம் கட்டுவதா என்று நாலு வாரம் முடிவெடுக்க முடியாமல் இருப்பாள். பெத்லகேமில் ஏரோது பிள்ளைகளைக் கொன்ற செய்தி மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது, டிசம்பர் 28 அந்த மாசற்ற குழந்தைகளின் திருநாள். கிறிஸ்துமஸின் நடுவிலேயே அழுகிற தாய்மாருக்குத் திருச்சபை ஒரு நாள் வைத்திருக்கிறது. அந்தப் பெண் அன்றைக்குத்தான் கோயிலுக்குப் போவாள்.

துக்க வீட்டுக்கு இந்தப் புத்தகம் வேண்டுமென்றால் விலை வேண்டாம். பெயரைச் சொல்லிக் கேட்டால் அனுப்பிவிடுவேன். தை பிறந்த பிறகு படித்தாலும் சரி, அடுத்த வருஷம் படித்தாலும் சரி.

நீங்கள் எழுதுகிறவராக இருந்தால், கிறிஸ்துமஸ் கதைகளில் ஒன்றாவது இவர்களுக்காக எழுதுங்கள். சந்தோஷமான வீட்டுக்குப் படிக்க ஆயிரம் இருக்கிறது.

பணம் வருமா?

அச்சுச் செலவு திரும்பி வரும், அடுத்த புத்தகத்துக்குக் கொஞ்சம் மிஞ்சும். குடும்பம் நடத்த வேறு வருமானம் வேண்டும். கிறிஸ்துமஸ் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டால் ஜனவரிக்குப் பிறகு கடைக்காரர் அலமாரியில் வைக்க மாட்டார். கதை மார்கழியில் நடக்கட்டும், தலைப்பு எந்த மாதத்திலும் கேட்கும்படி இருக்கட்டும்.

பண்டிகை முடிந்த பிறகு என்ன வேலை?

மிஞ்சிய பிரதிகளைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். இங்கே செம்மண், கரையானுக்குச் சொல்லவே வேண்டாம். பழைய வீட்டு உள்ளறை என்றால் மாதம் ஒரு முறை கட்டைப் பிரித்துப் பாருங்கள். கடைகளில் கொடுத்த பிரதிகளின் கணக்கைப் பொங்கலுக்குள் கேட்டு வாங்குங்கள், மாசி வந்துவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது. நூலகங்களுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புங்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்று மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்து வையுங்கள். வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி முடித்ததும், டிசம்பர் நோட்டை அலமாரியில் வைத்துவிடுவேன். தவக்காலத்தில் அதைத் தொடுவதில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி எடுப்பேன்.